கடற்கரை மணலில் கூடாரம் அடித்தல்: முளை நில்லாத இடத்தில் பை நிற்கும்

வாகரைப் பக்கத்துக் கடற்கரையில் ஓரிரவு தங்க வேண்டும் என்ற ஆசை மட்டக்களப்பில் பலருக்கும் உண்டு. ஆனால், கூடாரத்தோடு கடையில் தரும் மெல்லிய இரும்பு முளைகள் எங்கள் கரையின் உலர்ந்த மணலில் நிற்பதில்லை என்பதை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கூடாரத்தை விரிப்பதையும் வளைகம்புகளைக் கோப்பதையும் உறையிலுள்ள படங்களே காட்டிவிடும் என்பதால், அவற்றை விட்டு மணலுக்குரிய வேலையை மட்டும் எழுதுகிறேன்.

போவதற்கு ஏற்ற காலம் பங்குனி முதல் புரட்டாதி வரை. கார்த்திகையில் மாரி பிடித்துவிட்டால் தை முடியும்வரை இந்த எண்ணமே வேண்டாம்.

முதலில், காணிக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். கரையோரத் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. பிறகு, அருகிலுள்ள மீன்வாடிக்குப் போய் இரவு தங்கப்போவதைச் சொல்லுங்கள். கடல் எதுவரை ஏறும், யானை எந்தப் பக்கத்தால் இறங்கும் என்பவற்றை அங்குள்ளவர்களைப் போல அறிந்தவர்கள் இல்லை. தெற்கே உகந்தையைத் தாண்டிக் குமண தேசியப் பூங்காவுக்குள் தங்குவதானால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் ஒதுக்கும் இடத்தில் மாத்திரமே தங்கலாம்.

இடத்தைத் தெரிவதற்கு அடம்பன் கொடியைப் பாருங்கள். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பலர் நீரோரத்திலேயே கூடாரம் அடிக்கிறார்கள். ஆனால் இரவில் எழும் பெரிய அலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அடம்பன் பச்சையாகப் படர்ந்திருக்கும் இடத்துக்குக் கடல் அடிக்கடி வருவதில்லை. அதற்கும் பின்னால், தரைப்பக்கமாக இறங்குங்கள். மணல்மேட்டைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். ஆமைகள் முட்டையிட ஏறிவருவதும் பெரும்பாலும் அதன் ஓரத்துக்குத்தான். ஆகவே அதன்மேல் கூடாரம் அடிக்கவே கூடாது. தென்னையின் கீழும் வேண்டாம். காற்றடிக்கும் இரவில் தேங்காய் விழும்.

அடுத்தது வாசலின் திசை. நான் பிழைவிட்டது இங்கேதான். கச்சான் என்று நாங்கள் சொல்லும் காற்று, தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, வறண்டு வருவது. ஆனி, ஆடி மாதங்களில் கடற்காற்றையே தள்ளிக்கொண்டு வீசி, மட்டக்களப்பின் வெப்பநிலையை 38 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற்றும் வலு அதற்கு உண்டு. ஓர் ஆடி மாதப் பிற்பகலில் கடலிலிருந்து வீசிய காற்றை மட்டும் பார்த்து, கூடாரத்தின் முதுகைக் கடலுக்குக் கொடுத்து, வாசலைத் தரைப்பக்கம் வைத்தேன். நள்ளிரவு தாண்டியதும் கச்சான் எழுந்தது. வாசலால் புகுந்த காற்று கூடாரத்தை உள்ளிருந்தே ஊதியது. நான்கு முளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் கழன்றன. நானும் தம்பியும் துணியைப் பிடித்தபடி விடியும்வரை குந்தியிருந்தோம். வந்திறங்கும் நேரத்தில் காற்று எப்படி இருந்தாலும், ஆனி, ஆடியில் முதுகு மேற்கே இருக்கட்டும்.

இனி முளைக்குப் பதிலானதைச் சொல்கிறேன். ஐந்து கிலோ அரிசி வரும் நெய்த பைகளில் ஆறு எடுத்துப்போங்கள். மணலுக்கென்று விற்கும் அகன்ற முளைகளையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பைகளுக்கு அவை ஈடில்லை. பையில் முக்கால்வாசி மணல் நிரப்பி, கழுத்தைக் கட்டி, நடுவயிற்றில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள். கயிறு நாலு மில்லிமீற்றர் பின்னல் நைலோனாக இருப்பது நல்லது. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் பச்சைக் கயிறு வழுக்குவதால் முடிச்சு இளகிவிடுகிறது.

கூடார மூலையிலிருந்து நான்கு அடி தள்ளி, முழங்கை மறையும் ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிறு இழுபடும் திசைக்குக் குறுக்காகப் பையைக் கிடத்துங்கள். குழியை உடனே மூடிவிடாதீர்கள். பையிலிருந்து கூடாரம் வரை கயிறு நேராகச் சரிந்து ஏறுவதற்கு ஒரு சிறிய வாய்க்கால் வெட்ட வேண்டும். அதை வெட்டாமல் மூடினால் கயிறு குழியின் விளிம்பில் வளைந்து நிற்கும். காற்று இழுக்க இழுக்க மணலை அறுத்துக்கொண்டு நேராகி, அரை மணித்தியாலத்தில் தொய்ந்துவிடும். பை அசையாமலே கூடாரம் ஏன் தளர்கிறது என்று எனக்கு விளங்க இரண்டு பயணங்கள் எடுத்தன.

மூடும்போது நாலு விரல் கனத்துக்கு மணல் போட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றி, மிதித்து, மறுபடியும் போடுங்கள். தாங்குவது பையின் நிறை மட்டுமன்று. அதற்கு முன்னும் மேலும் ஆப்புப்போலக் கிடக்கும் ஈரமணல் முழுவதையும் பெயர்த்தால்தான் காற்றால் அதை வெளியே எடுக்க முடியும். கயிற்றைப் பிடித்து உடல் நிறை முழுவதையும் கொடுத்துச் சாய்ந்து பாருங்கள், அசையாவிட்டால் சரி. மேற்குப் பக்கத்து இரண்டையும் முதலில் புதைத்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை: உலர்ந்த மணலில் குழியின் சுவர் சரிந்து மூடிக்கொள்கிறது என்று திருக்கோவில் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தோண்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், சுவர் நிற்கும்.

இரவுக்குச் சில எச்சரிக்கைகள். யானை இலத்தியோ பழகிய தடமோ தெரிந்தால், பொழுதுபட்டிருந்தாலும் இடத்தை மாற்றுங்கள். அரிசி, உப்பு, பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். களப்போரத்தில் முதலை இருப்பதால் பானை கழுவ இருட்டில் அங்கே இறங்க வேண்டாம். விறகு பொறுக்கும்போது தில்லை மரத்தைத் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், புகையும் எரிக்கும். இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஓர் ஆமை ஏறிவருவதைக் கண்டால் டோர்ச்சை அணைத்துவிட்டு, அது திரும்பிப் போகும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள்.

காலையில் பைகளைத் தோண்டி எடுத்து, மணலை அதே குழிகளில் கொட்டி, காலால் மட்டப்படுத்துங்கள். திறந்து விட்டுப்போன ஒரு முழக் குழிக்குள் விழும் ஆமைக்குஞ்சால் ஏறி வர முடியாது.