இடப்பெயரில் எது சிறப்புப்பெயர், எது பொதுப்பெயர்?

ஆங்கிலத்தில் இருப்பதுபோல் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஒரு சொல் குறிப்பிட்ட ஓர் இடத்தின் பெயரா (சிறப்புப்பெயர்), ஆறு, ஏரி போன்ற வெறும் வகையா (பொதுப்பெயர்) என்பதை எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊர் வரலாறு எழுதுகிறவர்களும் இணைய வரைபடத்தில் இடங்களைச் சேர்க்கிறவர்களும் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

படி 1: கடைசிச் சொல்லை எடுத்துவிடுங்கள்

'வைகை ஆறு' என்பதில் 'ஆறு' போனாலும் வைகை அதே நதிதான். எனவே வைகை சிறப்புப்பெயர், ஆறு பொதுப்பெயர். 'பாலாறு' என்பதில் ஆற்றை எடுத்தால் மிஞ்சுவது பால்! அங்கே முழுச் சொல்லும் சிறப்புப்பெயர்.

'செம்பரம்பாக்கம் ஏரி' கொஞ்சம் வேறு மாதிரி. ஏரியை எடுத்தால் செம்பரம்பாக்கம் என்ற ஊர் நிற்கிறது. ஏரி பொதுப்பெயர்தான், ஆனால் அதை விட்டால் வேறு இடத்தைச் சொன்னதாகிவிடும். இப்படிப்பட்ட பெயர்களில் பொதுப்பெயரைக் கட்டாயம் சேர்த்தே எழுதுங்கள். மாவட்டம், வட்டம் போன்றவையும் இதே கதைதான்.

படி 2: அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போடுங்கள்

நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். 'மெரினா கடற்கரை'யை 'மெரினா பீச்' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. மாற்ற முடிகிறது என்றால் அது பொதுப்பெயர். 'புதுக்கோட்டை'யை 'புதிய கோட்டை' என்று எழுதிப் பாருங்கள், ஊரே காணாமல் போய்விடும். திருவையாற்றில் 'ஆறு' இருக்கிறது என்பதற்காக அதை 'நதி' ஆக்க முடியுமா? அது தஞ்சாவூர் மாவட்டத்தில் காவிரிக்கரையில் உள்ள ஊர்.

சென்னையில் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் முதல் மூன்று நிலையங்கள் கடற்கரை, கோட்டை, பூங்கா. மூன்றும் அன்றாடப் பொதுப்பெயர்கள். ஆனால் 'கடலோரம் ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்டால் கவுன்ட்டரில் உள்ளவர் விழிப்பார். நிலையத்தின் பெயராகிவிட்டபின் அவை சிறப்புப்பெயர்கள்.

படி 3: வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள்

'அடையாற்றில் வெள்ளம் வந்தது' என்றால் ஆறா, சென்னையின் அடையாறு பகுதியா? இரண்டுக்கும் ஒரே பெயர், இரண்டும் சிறப்புப்பெயர்தான். முன்பின் வாக்கியங்களில் தெளிவில்லை என்றால், 'அடையாறு ஆறு' என்றோ 'அடையாறு பகுதி' என்றோ பொதுப்பெயரைச் சேர்த்துவிடுங்கள். கூறியது கூறல் என்று சிலர் சொல்லக்கூடும். படிப்பவர் குழம்புவதைவிட அது மேல். பாலாற்றுக்கு இந்த உதவி தேவையில்லை, 'பாலாறு ஆறு' என்று எழுத வேண்டாம்.

சரி, இப்போது கொள்ளிடத்தையும் திருவண்ணாமலையையும் நீங்களே சோதித்துப் பாருங்கள். முன்னதில் ஆறும் ஊரும், பின்னதில் மலையும் ஊரும் ஒரே பெயரில் இருக்கின்றன.