துணிப்பைக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் துணிப்பை தைத்து விற்பது என் தொழில். காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி எடுத்து வந்து, வெட்டி, தைத்து, மளிகைக் கடைகளுக்கும் விசேஷ வீடுகளுக்கும் கொடுக்கிறேன். "இனிமே பிளாஸ்டிக் கவரே வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வருகிற எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். புதிதில் நானும் சறுக்கிய இடங்கள் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவதைப் பற்றி எழுதப் போவதில்லை. வண்டி டிக்கியில் ஒன்று, ஆபீஸ் பைக்குள் ஒன்று மடித்து வைத்தால் தீர்ந்தது.

## வெளியே துணி, உள்ளே பத்துக் கவர்

சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் நல்ல துணிப்பை இருக்கும். அதற்குள் தக்காளிக்கு ஒரு கவர், கத்தரிக்காய்க்கு ஒரு கவர், இரண்டே இரண்டு மாங்காய்க்கு ஒரு கவர், கறிவேப்பிலைக்கு ஒரு கவர். காய்கறிப் பக்கம் உருளையில் சுற்றித் தொங்குமே, அந்த மெல்லிய கவரை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. துணிப்பை மிச்சப்படுத்தியது ஒரே ஒரு பெரிய கவரை. உள்ளே போனது எட்டோ பத்தோ. வீட்டுக்கு வந்ததும் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் பிய்த்து எறிகிற கவர் அது. மறுபடி எதற்கும் ஆகாது.

எடை போடுகிற பையனிடம்தான் முதல் தடங்கல் வரும்.

"கவர்ல போட்டுக் குடுங்கக்கா, இல்லன்னா ஸ்டிக்கர எதுல ஒட்டுறது?"

"இந்தச் சீட்டுல ஒட்டுப்பா."

மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக ஒட்டச் சொல்லிவிடுவேன். துணியில் ஒட்டினால் பில் கவுண்டருக்குப் போவதற்குள் உரிந்து விழுந்துவிடும். சீட்டில் ஒட்டினால் பில் போடுகிறவருக்கும் ஒரே இடத்தில் ஸ்கேன் செய்ய வசதி. இரண்டு முறை முகத்தைச் சுளிப்பார்கள், மூன்றாம் முறை அவர்களே சீட்டைக் கேட்பார்கள்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், வாழைக்காய், முருங்கைக்காய் எதற்கும் கவர் வேண்டாம், நேராகத் தராசுத் தட்டில் வைக்கலாம். கீரை ஏற்கெனவே கட்டாகத்தான் வருகிறது. பச்சை மிளகாய், பீன்ஸ், சின்ன வெங்காயம் மாதிரி சிதறுகிறவற்றுக்குப் பழைய வேட்டியைக் கிழித்து நாலைந்து சுருக்குப்பை தைத்துக்கொள்ளுங்கள். பையின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள், காலிப் பையை முதலில் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிடும் 'டேர்' பட்டனை அழுத்தச் சொல்லலாம். முந்திரி, பாதாம் வாங்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

## துணி மாதிரி இருப்பதெல்லாம் துணி அல்ல

இதை நீளமாகத்தான் எழுதப் போகிறேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

புதுமனைப் புகுவிழாவுக்குப் பை கேட்டு ஒருவர் வந்தார். ஒரு மாதிரிப் பையை மேஜையில் போட்டார். "இதே துணியில ஐநூறு வேணும். நீங்க சொல்ற ரேட்டுல பாதிக்கு ஒருத்தர் தர்றேங்கிறார், நீங்களும் பார்த்துக் குறைங்க." நல்ல மஞ்சள் நிறம். மேலே பிள்ளையார். கீழே பச்சை எழுத்தில் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்'. தொட்டதுமே தெரிந்துவிட்டது. "சார், இதுவே பிளாஸ்டிக்தான்" என்றேன். சிரித்தார். ஓரத்தில் துளி வெட்டி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, ஆறியதும் கடுகளவு உருண்டையாக இறுகிப்போயிற்று. காடா துணியில் ஒரு துண்டைக் கொளுத்திப் பக்கத்தில் வைத்தேன். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாயிற்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "சரிதான். ஆனா வாங்கிட்டுப் போறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" ஐநூறும் அந்தப் பாதி விலைக்காரரிடமே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பைக்கு வியாபாரத்தில் 'நான்-ஓவன்' என்று பெயர். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மெல்லிய இழையாக நீட்டி, விரிப்பாகப் பரப்பி, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஒட்டுவார்கள். தறி கிடையாது, பாவு கிடையாது, ஊடு கிடையாது. ஓட்டலில் குழம்பு பார்சல் வருகிற கறுப்பு டப்பாவும், மொட்டை மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் பெரும்பாலும் இதே சரக்குதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இதுவும் ஒன்று என்பது பை வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, விற்கிறவர்கள் பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள்: "60 ஜிஎஸ்எம்முக்கு மேல இருந்தா கவர்மென்ட்டே அனுமதிச்சிருக்கு." பாதி உண்மை. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது 2021 செப்டம்பர் 30 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசு விதி. தமிழ்நாட்டுத் தடையோ தடிமன் பார்ப்பதில்லை. இந்தப் பேச்சை நம்பி மொத்தமாக வாங்கி அடுக்கும் சின்னக் கடைக்காரர்தான் மாட்டுகிறார். சோதனைக்கு வருகிறவர்கள் மூட்டையோடு எடுத்துப் போவார்கள், அபராதமும் போடுவார்கள். விற்றவர் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டார்.

கண்டுபிடிக்க நெருப்பெல்லாம் தேவையில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பொடிப்பொடிப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அழுத்தி ஒட்டிய தடம் அது. பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள், பல பைகளில் தையல் நூலே இருக்காது, சூட்டில் ஒட்டிய கோடு மட்டும் ஓடும். வெட்டிய ஓரத்தில் ஒரு நூலை உருவப் பாருங்கள். நெய்த துணியில் நூல் நீளமாக வரும். இதில் பஞ்சு மாதிரி பிய்ந்துகொண்டு வரும். அரிசிச் சாக்கில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அது நெய்ததுதான், இழையும் உருவி வரும். ஆனால் அந்த இழை நாடா மாதிரி தட்டையாக இருக்கும். அதுவும் பிளாஸ்டிக்.

விவரம் தெரிந்த ஒருவர் என்னை மடக்கினார். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் சாதாரண பிளாஸ்டிக் கவரோடு ஒப்பிட்டால் பையால் வெளியாகும் கார்பன் கணக்கு நேராவதற்குப் பருத்திப் பையை 131 முறையும் நான்-ஓவன் பையை 11 முறையும் பயன்படுத்தினால் போதும் என்று இருக்கிறதே, அப்படியானால் நான்-ஓவன்தானே நல்லது என்றார். கணக்கு சரி. அங்கே எடுத்துக்கொண்டது நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள தடித்த பை. நம் ஊர் விசேஷங்களில் தேங்காயும் பழமும் போட்டுக் கொடுப்பது ஊதினால் பறக்கிற பை. இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் ஒட்டிய விளிம்பு வாயைப் பிளக்கும். பதினோராவது நடை வரைக்கும் எங்கே வரப் போகிறது? வெயிலும் இதற்கு ஆகாது. மொட்டை மாடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த பையைத் தூக்கிப் பாருங்கள், கையோடு செதில் செதிலாக உதிரும். கவரையாவது பொறுக்கி எடுத்துவிடலாம், இந்தச் செதிலை எதைக்கொண்டு கூட்டுவது?

பிளாஸ்டிக் என்ற பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. என் அம்மா பின்னிய ஒயர் கூடை இன்னமும் எங்கள் வீட்டுக்குக் காய்கறி சுமக்கிறது. அதுவும் பிளாஸ்டிக்தான், பல வருஷமாக உழைக்கிறது. எதனால் செய்த பை என்பதைவிட எத்தனை தடவை கடைக்குப் போய் வந்தது என்றுதான் நான் பார்ப்பேன்.

வீட்டில் ஏற்கெனவே நான்-ஓவன் பை கிடந்தால் இன்றைக்கே குப்பையில் போட வேண்டாம். வெயில் படாமல் வைத்து, கிழிகிறவரை பயன்படுத்துங்கள். புதிதாக வாங்காதீர்கள்.

## அலமாரி நிறையப் பை

அந்த 131-ஐ இன்னொரு முறை பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போனால், ஒரே பையை ஒன்றே கால் வருஷம் எடுத்துப் போக வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் போட்ட கணக்கு இன்னும் மிரட்டும்: பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை, ஆராய்ந்த எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்திக்குத் தண்ணீர், உரம், நூற்பாலைக்கும் தறிக்கும் மின்சாரம் என்று செலவு கிடக்கிறது. சாக்கடையை அடைக்கிற கவரையும், மாட்டின் வயிற்றில் சேருகிற கவரையும் இந்த ஆய்வுகள் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே பயந்து கவருக்குத் திரும்ப வேண்டாம். சேர்த்து மட்டும் வைக்காதீர்கள். விற்கிறவளே சொல்கிறேன், நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்தாறு பை தாராளம்.

தமிழ்நாடு அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பர் 23-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தருகிற இயந்திரம் வந்தது. எப்போதாவது மறந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் மறந்து, ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் போட்டால் அதுவும் தூக்கி எறிகிற கவர் கணக்குதான்.

தாம்பூலப் பை கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. மணமக்கள் படமும், பெயரும், முகூர்த்த நேரமும் முன்பக்கம் முழுக்க அச்சடிக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுப் பெண் மாப்பிள்ளை படம் போட்ட பையில் கருவாடு வாங்க யாருக்கு மனசு வரும்? ஒரு பூவோ கோலமோ போதும். பெயர் வேண்டுமென்றால் உட்பக்கம் சின்னதாகப் போடலாம்.

## மீன், கறி

தனிப் பை. எவர்சில்வர் தூக்கு இன்னும் நல்லது.

## சணல் பை

உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் வேண்டாம். துவைக்க முடியாது.

## 'மக்கும்' என்று அச்சடித்த கவர்

உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில் மக்கும். உங்கள் ரோஜாத் தொட்டியில் அப்படியே கிடக்கும்.

## கைப்பிடியைப் பார்க்காமல் வாங்குவது

அஞ்சு கிலோ அரிசி, இரண்டு லிட்டர் எண்ணெய், மேலே தேங்காய் இரண்டு. இந்தச் சுமையில் பை துணியில் கிழியாது, கைப்பிடி தைத்த இடத்தில்தான் பிய்யும். நாடாவின் நுனியை உள்ளே மடித்து, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போல் குறுக்குத் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நாடா அடிவரை இறங்கி மறுபக்கம் ஏறியிருந்தால் இன்னும் பலம். ஒற்றைத் தையலில் வாயோரம் மட்டும் பிடித்த கைப்பிடி, முதல் மாத மளிகையோடு சரி.

தடிமனைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். மட்டமான காடாவில் கஞ்சி நிறைய ஏற்றியிருப்பார்கள். விறைப்பாக, கனமாகத் தெரியும். இரண்டு விரலுக்கு நடுவே நன்றாகக் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிரும். ஒரு முறை துவைத்ததும் கஞ்சியெல்லாம் போய், கட்டுப்போடும் துணி மாதிரி தொளதொளத்துவிடும். நல்ல காடாவும் முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், ஆகவே தேவைக்கு ஓரங்குலம் பெரிதாகவே எடுங்கள். மஞ்சள் பையை முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள், வெள்ளைச் சட்டையோடு போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கைப்பிடி மட்டும் பிய்ந்த பையைத் தூக்கிப் போடாதீர்கள். தெருமுனைத் தையல்காரர் நிற்கிற நேரத்திலேயே அடித்துக் கொடுத்துவிடுவார். என்னிடம் கொண்டு வந்தால் தையலுக்குக் காசு வாங்க மாட்டேன். புது நாடா போட வேண்டியிருந்தால் நாடாவின் விலை மட்டும்.