கிரவுண்டுக்கு போற புள்ளைக்கு என்ன சாப்பாடு, எப்ப குடுக்கணும்

கபடி, ஹாக்கி, ஓட்டம்னு எதுக்கு போனாலும் நம்ம டெல்டா பக்கம் பொண்ணுங்க நெறைய பேரு வெறும் வயித்துல தான் கிரவுண்டுக்கு போவுதுங்க. விடியக்காலம் ஒரு டம்ளர் காபி, ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ், அப்படியே வந்து யூனிஃபார்ம மாட்டிகிட்டு பஸ்ஸ புடிச்சா ஒழுங்கா சோறு உள்ள போறது மதியம் தான். இதுல வெள்ளிக்கிழமை விரதம் வேற.

மேட்டூர்ல தண்ணி கம்மியா தெறந்தா கடைமடைக்கு வந்து சேராதுல்ல, ஒடம்புலயும் அதே கதை தான், தின்னது ஓட்டத்துக்கே சரியா போயிடும், எலும்புக்கும் பீரியட்ஸுக்கும் மிச்சம் இருக்காது. வெளையாட்டுல எரியுற அளவுக்கு சாப்பாடு உள்ள போவாம ஒடம்பு கெடுற இதுக்கு 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ்னு (RED-S) பேரே வச்சிருக்கு. 50 கிலோ புள்ளைக்கு கொழுப்ப கழிச்சா 40 கிலோன்னு வைங்க, கிலோவுக்கு 45 கலோரின்னு 1800, பிராக்டிஸ்ல எரியுற ஒரு 500அயும் சேத்தா 2300 வேணும், சாப்புடுறது டெய்லி 1700க்கு கீழ போனா சிக்கல் வர வாய்ப்பு அதிகம். ஆனா இந்த கணக்கு அம்மாவுக்கும் கோச்சுக்கும் தான், புள்ள கைல குடுத்து எண்ண வைக்காதீங்க, அப்புறம் தட்ட பாத்தாலே பயம் வந்துரும்.

பீரியட்ஸ் 3 மாசம் வரலைன்னா, இல்ல 15 வயசாகியும் வயசுக்கு வரலைன்னா, "நல்லா பிராக்டிஸ் பண்றா, அதான்"னு விட்டுடாம டாக்டர்ட்ட காட்டுங்க. கெண்டைக்காலுக்கு முன்னாடி எலும்புல ஒரே எடத்துல தொட்டா சுருக்குனு வலிக்குதுன்னாலும் காட்டணும், தைலம் தேச்சிட்டு ஓட விடாதீங்க.

சரி, என்ன குடுக்குறது? கெளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி பூவன் பழம் ரெண்டு, இல்ல கடலை மிட்டாய், அவ்ளோதான். முடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள வயித்துக்கு சோறு போவணும், வீட்டுக்கு வர நேரமில்லைனா தூக்குல குடுத்து விடுங்க. பழைய சோத்துல கெட்டி தயிர், உப்பு, சின்ன வெங்காயம், கூட அவிச்ச முட்டை ரெண்டு, இத விட்டுட்டு டப்பா பவுடருக்கு ஏன் காசு செலவு பண்றாங்கன்னே தெரியல. 50 கிலோ புள்ளைக்கு ஒரு நாளைக்கு 60லேர்ந்து 80 கிராம் புரதம் வேணும்; முட்டைக்கு 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கு 7, 100 கிராம் மீனுக்கு சுமார் 20. சைவ வீடுன்னா கொண்டைக்கடலை சுண்டல், பால், தயிர், பருப்ப கூட்டிக்கங்க. வீட்ல எல்லாரும் சாப்ட்டு மிச்சம் மீதிய பொம்பளைங்க சாப்புடுற பழக்கம் இருக்கு பாருங்க, இந்த புள்ளைக்கு மட்டுமாவது அது வேணாம், மொத ஆளா உக்கார வைங்க.

ரத்தத்துல ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா மூச்சு வாங்கும், கோச்சு சோம்பேறின்னு நெனைப்பாரு. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கருவாடு நல்லது, கீரைல எலுமிச்சம்பழம் புழிஞ்சிக்கங்க. சாப்ட்ட கையோட காபி டீ குடிச்சா அந்த இரும்புச்சத்து ஒழுங்கா ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளி குடிக்கட்டும். கும்பகோணத்துக்காரங்க கோச்சுக்காதீங்க.

அடுத்து வெயிட். கபடில ஜூனியர் டீமுக்கு வெயிட் லிமிட் இருக்கு, செலக்ஷனுக்கு முந்தின வாரம் தண்ணி கூட குடிக்காம கெடக்குற பொண்ணுங்க உண்டு. கோச்சுங்களுக்கு ஒண்ணு, எல்லார் முன்னாடியும் மெஷின்ல ஏத்தி நம்பர சத்தமா படிக்காதீங்க, பரோட்டா தின்னதுக்கு ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா ஓட விடாதீங்க. வீட்லயும் "சோத்த கொறைச்சிக்கோ, குண்டாயிட்டே"ன்னு அத்தை சித்தி சொல்றத அம்மா தான் நிறுத்தணும். ஒளிச்சு வச்சு தின்னுறது, சாப்ட்ட ஒடனே பாத்ரூம் போய் வாந்தி எடுக்குறது, எல்லாரோடயும் உக்காந்து சாப்புட மாட்டேங்குறது, இதெல்லாம் தெரிஞ்சா திட்டாதீங்க, டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, 14416க்கு போன் பண்ணா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன்ல ஃப்ரீயா பேசலாம்.

பொங்கலுக்கு ராத்திரி கபடி நடக்கும்ல, 8 மணி மேட்ச்சுன்னு சொல்லி 1 மணிக்கு தான் கூப்டுவாங்க. 6 மணிக்கே இட்லி சாப்ட்டுடட்டும், பையில பழமும் உப்பு போட்ட நீர்மோரும் இருக்கட்டும், பரோட்டா மேட்ச் முடிஞ்சப்புறம் தாராளமா சாப்புடலாம், சால்னாவோட.