ஏஜென்ட் ஃபீல்டு பெயரை ஊகிப்பதை நிறுத்திய கதை

எங்கள் லாக்குகளில் (சர்வரில் நடப்பதைப் பதிந்து வைக்கும் குறிப்புகள்) தேடும் ஏஐ ஏஜென்ட் ஒருநாள் இரவு, "கடந்த ஒரு மணி நேரத்தில் 500 பிழை எதுவும் இல்லை" என்றது. 500 என்பது சர்வர் பக்கப் பிழைக்கான குறியீடு. அதே நேரம் பயனர்கள் பணம் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்ட் எழுதிய குவரியை, அதாவது தேடல் கட்டளையை, திறந்து பார்த்தேன். 'எச்டிடிபி.ஸ்டேட்டஸ்_கோட்' என்ற ஃபீல்டில் (லாக்கில் ஒரு விவரத்துக்கான பெயரிட்ட இடம்) தேடியிருந்தது. இந்த ஃபீல்டுகளுக்குப் பொதுவான பெயர்களை வகுக்கும் ஓப்பன்டெலிமெட்ரி திட்டம் 2023இல் உறுதிசெய்த பெயர் 'எச்டிடிபி.ரெஸ்பான்ஸ்.ஸ்டேட்டஸ்_கோட்', நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். பழைய பெயரில் தேடினால் எங்கள் தேடலில் எச்சரிக்கை எதுவும் வராது, காலி முடிவுதான் வரும்.

ஃபீல்டு பெயரைத் தேடித் தரும் டூல், ஏஜென்ட் கூப்பிட்டுப் பயன்படுத்த, ஏற்கெனவே இருந்தது. அதன் விளக்கத்தில் நான் எழுதியிருந்தது "லாக் ஃபீல்டுகளைத் தேடும்" என்ற ஒரே வரி. எப்போது கூப்பிட வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? அதன் கண்ணில் படுவது அந்த விளக்கம்தானே.

சரி என்று மாற்றி எழுதினேன்: "குவரி எழுதும் முன் இதைக் கூப்பிடு. பெயரை ஊகிக்காதே. 'ஸ்டேட்டஸ்' என்று பாதிப் பெயர் கொடுத்தாலும் போதும். பெயர், வகை, மூன்று மாதிரி மதிப்புகள் கிடைக்கும். காலியாக வந்தால் அப்படி ஒரு ஃபீல்டு இல்லை என்று பொருள். பிழை நடக்கவில்லை என்று பொருள் அல்ல."

மறுநாள் அதே ஒரு மணி நேரத்தைப் பற்றித் திரும்பக் கேட்டேன். முதலில் டூலைக் கூப்பிட்டது, சரியான பெயரை எடுத்தது, அப்புறம் அந்த 500 குறியீட்டுப் பிழைகளை வரிசையாகக் காட்டியது.