வெள்ளியை அறுப்பதற்கு முன் காகிதத்தைக் காதில் மாட்டுங்கள்

வீட்டில் வெள்ளி நகை செய்யத் தொடங்குகிற பலரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். ஒரு நோட்டு முழுக்க மாங்காய், மயில், தாமரை என்று வரைந்து தள்ளிவிட்டு, பிடித்த ஒன்றைத் தகட்டில் ஒட்டி அறுத்துவிட்டேன். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அக்கா காதில் மாட்டியதும் தோடு அப்படியே குப்புறக் கவிழ்ந்து தரையைப் பார்த்தது. தண்டைச் சரியாக நடுவில் பற்றவைத்திருந்தேன், அதுதான் கோளாறு. காதில் குத்துகிற தண்டு தோட்டின் நடுவுக்கு மேலே, ஏறக்குறைய மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால்தான் எடை கீழே இறங்கித் தோடு நேராக நிற்கும்.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான்: வடிவத்தை அதன் உண்மையான அளவிலேயே வரைந்து, சார்ட் அட்டையில் வெட்டி, டேப் போட்டுக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது. தலையை ஆட்டிப் பார்ப்பது. பக்கத்திலிருந்து ஒருவரை போட்டோ எடுக்கச் சொல்வது. நோட்டில் கம்பீரமாக இருந்த மயில் காதில் ஏறியதும் பல நேரம் ஒரு கறை மாதிரித்தான் தெரியும், ஏனென்றால் யாரும் அதை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பதில்லை, நாலடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். நுணுக்கத்தைக் குறைத்து, ஓட்டையும் இடைவெளியும் பெரிதாக விட்டால் தூரத்திலிருந்தும் வடிவம் தெரியும். இதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் வெள்ளி மிச்சம்.

காகிதம் சரியானால் அடுத்தது செம்பு. பழைய மின்சார ஒயரை உரித்தால் உள்ளே கிடைப்பது நல்ல செம்புக் கம்பி, பழக அது போதும். வளைக்கும்போது கைக்குக் கிடைக்கிற உணர்வு ஏறக்குறைய வெள்ளியைப் போலவே இருக்கும். அடிக்க அடிக்க இரண்டும் இறுகும், அப்போது காய்ச்சி இளக்க வேண்டும். வெள்ளியைக் காய்ச்சும்போது அறையைக் கொஞ்சம் இருட்டாக வைத்துக்கொண்டு, லேசாகச் செம்மை தட்டுகிற நொடியில் தீயை எடுத்துவிடுங்கள். அது 600, 650 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நல்ல வெயிலில் உட்கார்ந்து காய்ச்சினால் அந்தச் செம்மை கண்ணுக்குத் தெரியாது, தெரிகிறபோது தகடு உருகத் தொடங்கியிருக்கும்.

எந்த வெள்ளி வாங்குவது? சுத்த வெள்ளி மிகவும் மென்மை, மோதிரம் செய்தால் ஒரு மாதத்தில் கோணிவிடும். அதனால்தான் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு என்ற 925 கலவை. நீங்களே உருக்கிச் சேர்ப்பதாக இருந்தால் 100 கிராம் சுத்த வெள்ளிக்கு 8.1 கிராம் செம்பு. ஆனால் ஆரம்பத்தில் அந்த வேலைக்கே போகாதீர்கள், கம்பியாகவும் தகடாகவும் வாங்கிவிடுங்கள். ஜெர்மன் சில்வர் என்று மலிவாக விற்பதில் வெள்ளி துளியும் கிடையாது, அது செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வரும். காதில் குத்துகிற தண்டுக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

இரண்டு கணக்கு கைவசம் இருந்தால் வடிவமைக்கும்போதே எடையும் விலையும் தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள 925 உருண்டைக் கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால் ஏறக்குறைய 8 கிராம். கனம் இரட்டிப்பானால் எடை இரட்டிப்பாகாது, நாலு மடங்காகும். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மோதிரத்துக்கு எவ்வளவு கம்பி வெட்டுவது என்பதற்கு, உள் விட்டத்தோடு கம்பியின் கனத்தையும் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள் விட்டம் 17 மில்லிமீட்டர், கம்பி 1.5 என்றால் 58 மில்லிமீட்டர் வரும், எடை ஒரு கிராம்தான். கனத்தைக் கூட்ட மறந்தால் மோதிரத்தின் உள் விட்டம் 1.5 மில்லிமீட்டர் குறைந்து விரல் முட்டியிலேயே நின்றுவிடும். காதணியில் என் வரம்பு ஒரு காதுக்கு ஐந்து ஆறு கிராம். அதற்கு மேல் போனால் கையில் எடுத்துப் பார்த்து ரசித்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பற்றவைக்கிற வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்த்த ஒரு பெரியவர். அந்தப் பக்கம் ஒரு கொலுசு பல கை மாறித்தான் முழுதாகும். கம்பி இழுப்பது ஒரு வீடு, கண்ணி கோர்ப்பது இன்னொரு வீடு, சலங்கை வைப்பது, மெருகு போடுவது எல்லாம் தனித்தனி ஆள். அவர் கடைசியாக ஒரு சோதனை வைப்பார். முடிந்த கொலுசைப் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டின் மேல் மெதுவாக இழுப்பார். ஒரே ஒரு நூல் மாட்டினாலும் அது திரும்ப அரத்துக்குப் போகும். "ஏம்மா, வாங்கறவங்க கண்ணால பார்ப்பாங்க, கட்டியிருக்கிற சேலை விரலால பார்க்கும்" என்பார். என் தோடு, வளையல், மோதிரம் எல்லாமே இப்போது அந்தச் சேலைச் சோதனை பாஸான பிறகுதான் வெளியே போகின்றன. முக்கியமாகப் பின்பக்கம். வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், நகையை எடுத்ததும் திருப்பித்தான் பார்க்கிறார்கள். பின்னால் கரடுமுரடாக இருந்தால் முன்னால் எத்தனை மயில் இருந்தும் பலனில்லை.

பற்றவைப்பில் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன், மீதி கைப்பழக்கம். சேர்கிற இரண்டு முனையும் வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்க வேண்டும், பற்றுப்பொடி (சூட்டில் உருகி இரண்டு முனையையும் ஒட்டவைக்கிற உலோகப் பொடி) பள்ளத்தை நிரப்பாது. வெண்காரத்தை (போராக்ஸ்) குழைத்துத் தடவி, பொடியை வைத்து, தீயைப் பொடிமேல் காட்டாமல் நகை முழுவதும் சூடேறும்படி காட்டுங்கள், சூடு இருக்கிற பக்கம் அது தானாக ஓடும். (பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அந்தப் பேச்சு தட்டார் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். பொடி ஓடிய இடம் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் இரண்டுக்கும் ஒற்றுமை.) காட்மியம் கலந்த பொடி கடையில் இன்னும் கிடைக்கலாம், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், காட்மியம் இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். கறுத்த நகையை வெளுக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீர் போதும், கடுமையான அமிலத்தோடு விளையாட வேண்டாம். அந்தத் தண்ணீரில் இரும்பு இடுக்கியை விட்டால் நகை முழுக்கச் செம்பு படிந்து ரோஸ் நிறமாகிவிடும், மர இடுக்கியோ பிளாஸ்டிக்கோ வைத்து எடுங்கள். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷ்ஷும்.

அரம் போட்ட தூளையும் வெட்டின துண்டையும் ஒரு டப்பாவில் சேருங்கள். ரம்பத்தின் இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுத்துவிட்டால் மீதி வெள்ளிதான். பட்டறைகளில் பெருக்கிய குப்பையைக்கூட விலைக்கு வாங்கிப்போக ஆள் உண்டு.

சரி, செய்தாகிவிட்டது. இனி மேசையில் பரப்புகிற வேலை.

என் முதல் கண்காட்சி மூன்று நாள். வெள்ளிக்குக் கறுப்புப் பின்னணிதான் எடுப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கறுப்பாக, அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு விரிப்பு வாங்கி அதன்மேல் எல்லாவற்றையும் வைத்து, ராத்திரி அப்படியே மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் காலை லேசான மஞ்சள். மூன்றாம் நாள் பாதி நகை பழுப்பு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, சேர்ந்தால் கறுக்கும். கம்பளித் துணி, ரப்பர் பேண்ட், வேகவைத்த முட்டை எல்லாம் இதே வகை. கண்காட்சிக்கு முட்டை பிரியாணி கட்டிக்கொண்டு போனால் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள்.

இப்போது நான் வைப்பது சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கடப்பா கல் துண்டுகள். கறுப்பு, பளபளப்பு இல்லை, காற்றில் பறக்காது, கடையில் சும்மாவே கொடுத்தார்கள். வளையலுக்குக் கவிழ்த்த கொட்டாங்குச்சி. மோதிரத்துக்கும் மூக்குத்திக்கும் ஒரு தட்டில் கேழ்வரகைக் கொட்டிப் பரப்பி, அதில் குத்தி நிறுத்திவிடுகிறேன். அந்த அடர்ந்த பழுப்புமேல் வெள்ளி பளிச்சென்று நிற்கும், வாங்க வருகிறவர்கள் விரலால் கிளறி எடுப்பதில் அவர்களுக்கே ஒரு சந்தோஷம். கொலுசைத் தட்டையாகப் படுக்கவைத்தால் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். கிடைமட்டமாகத் தூக்கிவைத்த ஓர் உருட்டுக்கட்டையில் ஜோடியாகத் தொங்கவிடுங்கள், யாராவது தொட்டால் சலங்கை சத்தம் போட வேண்டும். அந்தச் சத்தம் பக்கத்துக் கடையில் நிற்பவரையும் திரும்பிப் பார்க்கவைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைக்காதீர்கள். காதணி வாங்குகிறவர் முகத்துக்கு நேராகக் காதணி வரட்டும், அதற்குப் பின்னால் ஒரு சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டி அதில் குத்திவைக்கலாம். மோதிரம் கைக்கு எட்டும் உயரம். கொலுசுக்கு ஒரு சின்ன ஸ்டூலும், தரையில் சாய்த்துவைத்த ஒரு கண்ணாடியும். காலில் போட்டுப் பார்க்க உட்கார இடம் இல்லாமல் கொலுசு விற்க நினைப்பது வீண் ஆசை. தங்கத்தை இடுப்புக்குக் கீழே போடாத நம் பழக்கம் வெள்ளிக்குக் கொடுத்த இடம் அது, அதை நாமே விடலாமா?

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மெருகேற்றிய வெள்ளிக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். பந்தலில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருந்தால் உங்கள் வெள்ளி பித்தளை மாதிரித் தெரியும். நீங்கள் போட்டிருக்கிற ஆரஞ்சு சட்டைகூட அதில் விழும். அதனால் நான் மேசைக்கு மேலே பந்தல் துணியை மறைக்கிற மாதிரி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கட்டிவிடுகிறேன், நானும் வெள்ளை அல்லது சாம்பல் உடுத்திக்கொள்கிறேன். பல்பு வாங்கும்போது டப்பாவில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700, 3000 என்று இருப்பவை மஞ்சள் வெளிச்சம், தங்கத்துக்கு நல்லது. வெள்ளிக்கு 4000-க்குக் குறையாமல். ஒரே பல்பை உச்சியில் போடாமல், இரண்டு சின்ன விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்தால் செதுக்கலின் பள்ளம் மேடு தெரியும். போட்டோவுக்கும் இதே விதிதான். ஜன்னலோரம், ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட். காதில் மாட்டிய படம் ஒன்று கட்டாயம், இல்லையென்றால் அளவு தெரியாமல் வாங்கிவிட்டு "இவ்வளவு சின்னதா?" என்று கேட்பார்கள்.

குறைவாக வையுங்கள். எடுத்துவந்த அறுபதையும் பரப்பினால் காய்கறிக் கடை. இருபதை வைத்துவிட்டு, விற்க விற்க அடியிலிருந்து எடுங்கள்.

எழுதிவைக்கிற அட்டையில் "சில்வர்" என்று போடாதீர்கள், நம் ஊரில் சில்வர் என்றால் எவர்சில்வர் சம்படம்தான். "925 வெள்ளி" என்று எழுதி, ஒவ்வொரு நகையிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டில் எடையும் விலையும் போடுங்கள். விலை என்பது அன்றைய வெள்ளி விலைக்கு எடை, சேதாரம், உங்கள் செய்கூலி, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. செய்கூலியை மணிக்கணக்கில் போடுங்கள், கிராம் கணக்கில் போட்டால் நுணுக்கமான மூக்குத்திக்குக் கூலியே மிஞ்சாது. "கடையில் கிராமுக்கு இவ்வளவுதானே" என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இன்னொன்று, நாமே அச்சு வைத்து 925 என்று குத்துவது ஹால்மார்க் ஆகாது. வெள்ளிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஹால்மார்க் 2025 நிலவரப்படி கட்டாயமில்லை, ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து ஹால்மார்க் போடுகிற வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி வருகிறது. எது இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

வாங்கியவருக்கு ஒரு ஜிப் கவரும் அதற்குள் ஒரு சாக்பீஸ் துண்டும் கொடுங்கள், கறுப்பது தள்ளிப்போகும். கறுத்தால் பாட்டி வழி, விபூதியை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பது. பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். வேண்டுமென்றே கறுக்கவைத்த பழைய பாணி நகையை அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீரில் போட்டால் பள்ளத்திலிருக்கிற கறுப்பும் போய் வடிவமே அழிந்துவிடும் என்று சொல்லி அனுப்புங்கள்.

ராத்திரி மூடும்போது எண்ணி, பருத்தித் துணியால் துடைத்து, தனித்தனிக் கவரில் போடுங்கள். கேழ்வரகைச் சல்லடையில் சலித்துவிட்டுக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மூக்குத்தி மாவு மில் வரைக்கும் போயிருக்கிறது.