உண்ணிக்காய்ச்சல்: ஓ.பி.யிலேயே நழுவிப்போகும் இடங்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் சென்னையில் எல்லாக் காய்ச்சலும் டெங்குவாகத்தான் தெரியும். டெங்குவுக்கான என்.எஸ்.1 டெஸ்ட் நெகட்டிவ் என்றால் ‘வைரல்’. கூடவே டைஃபாய்டுக்கான வைடால் டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருந்தால் டைஃபாய்டு; செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பம். ஒரு வாரம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கும்போதுதான் ஸ்கிரப் டைஃபஸ், அதாவது உண்ணிக்காய்ச்சல், என்ற பெயர் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது.

இதில் இரண்டு தவறுகள் சேர்ந்தே வருகின்றன. நம் ஊரில் பழைய தொற்றுக்கும் வைடால் ஏறும் என்பதால் ஒற்றை வைடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. ஸ்கிரப் டைஃபஸை உண்டாக்கும் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி செல்லுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. செஃப்ட்ரியாக்சோன் அதை ஒன்றும் செய்யாது, இன்னும் வலுவான மெரோபெனத்துக்கு உயர்த்தினாலும் அதே கதைதான். ‘ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை’ என்று நோயாளி வந்தால், எந்த ஆன்டிபயாடிக் என்று முதலில் கேளுங்கள்.

‘உண்ணிக்காய்ச்சல்’ என்ற பெயரும் வழி தவறச் செய்கிறது. “வீட்டில் நாய் இல்லை, மாடு இல்லை” என்று நோயாளி சொன்னதும் அந்தச் சந்தேகத்தையே கைவிட்டுவிடுகிறோம். கடிப்பது நாய் உண்ணி அல்ல; புல்லிலும் புதரிலும் இருக்கும் மைட் என்ற நுண்ணிய உயிரியின் ஆறுகால் இளம்பருவம். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது, கடித்ததும் தெரியாது. எலி ஓடும் காலி மனை, கருவேலம் மண்டிய ஏரிக்கரை, கட்டடம் எழும்பும் புறநகர் மனை என்று எங்கும் அது இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவரும் அங்கே நடந்திருப்பார். கடித்து 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால் ‘போன வாரம் எங்கே போனீர்கள்’ என்ற கேள்வி போதாது. மூன்று வாரத்துக்குப் பின்னால் போய்க் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உடம்பைப் பார்க்காதது. கடித்த இடத்தில் வரும் எஸ்கார், சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கும் அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு விளிம்புமாக இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. எனவே நோயாளி சொல்ல மாட்டார். சட்டை பட்டனைக் கழற்றி நெஞ்சில் ஸ்டெத் வைப்பதோடு நிறுத்தினால் கிடைக்காது. காதுக்குப் பின்புறம், முடிக்குள், கழுத்து, அக்குள், மார்பகத்தின் அடி மடிப்பு, தொப்புள், அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் அழுத்தும் இடுப்பு வட்டம், தொடை இடுக்கு, விரைப்பை, பிட்டப் பிளவு, முழங்காலின் பின்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும், மூன்று நிமிடம் ஆகும். பெண் நோயாளி என்றால் செவிலியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். கூச்சம் கருதித் தவிர்ப்பதால்தான் பல எஸ்கார்கள் தப்புகின்றன. ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து மஞ்சள் தரை கொண்ட சிறு புண்ணாக மட்டும் நிற்கும். அதைச் சேற்றுப்புண் என்று களிம்பு எழுதி அனுப்பிவிடாதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு விளிம்பும் சரியாகத் தெரியாது. எஸ்கார் இல்லை என்பதற்காக நோயை விலக்கவும் முடியாது, கணிசமானோருக்கு அது இருப்பதே இல்லை.

(அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கோடையில் திரும்பியவருக்குச் சில நாளில் அகன்று பரவும் சிவப்புத் திட்டு இருந்தால் அது வேறு சங்கதி: நிஜமான உண்ணி கடித்து வரும் லைம் நோய். அங்கே கறுப்புப் பொருக்கைத் தேடாதீர்கள். அந்த நிலையில் ஆன்டிபாடி டெஸ்ட் பல நேரம் நெகட்டிவாகவே வரும். திட்டைப் பார்த்தே டாக்சிசைக்ளின் 10 நாள் கொடுக்கலாம்.)

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைவு மட்டும் கண்ணில் பட்டு டெங்கு என்று முத்திரை விழுவது வழக்கம். வெள்ளணுக்களையும் சேர்த்துப் பாருங்கள். டெங்குவில் பெரும்பாலும் அவை குறையும். பிளேட்லெட் குறைந்து, கல்லீரல் என்சைம்கள் ஏறி, வெள்ளணு மட்டும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஸ்கிரப் டைஃபஸை நினைக்க வேண்டும். டெங்கு என்று எண்ணி ட்ரிப்ஸ் மேல் ட்ரிப்ஸ் ஏற்றினால், நோயால் ரத்தநாளங்கள் ஏற்கெனவே கசியும் நுரையீரலில்தான் அந்த நீர் போய்த் தேங்கும்.

ஸ்கிரப் டைஃபஸுக்கான ஆன்டிபாடி டெஸ்டான ஐ.ஜி.எம். எலைசா முதல் வாரத்தில் நெகட்டிவாக இருக்கலாம். மூன்றாம் நாள் எடுத்த நெகட்டிவை நம்பி, இந்த நோய்க்கான மருந்தான டாக்சிசைக்ளினை நிறுத்துவது ஆபத்து. மறுபக்கம், ஒருமுறை வந்துபோன நோய்க்குப் பின் ஐ.ஜி.எம். பல மாதம் பாசிட்டிவாகவே நிற்கும். போன ஆண்டு வந்ததா என்று கேட்காமல் பாசிட்டிவை அப்படியே ஏற்காதீர்கள். வெய்ல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்த டெஸ்ட் மலிவானது, ஆனால் நிறைய நோயாளிகளைத் தவறவிடும். எந்த டெஸ்டாக இருந்தாலும் ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 7 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதென்று நோயாளி நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒருமுறை, 5 நாள். பல் கறுக்கும் என்று பயந்து குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பது பழைய பழக்கம். ஒரு வார கோர்ஸுக்கு அந்தப் பயம் தேவையில்லை. 45 கிலோவுக்குக் கீழ் என்றால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 2.2 மி.கி., இருவேளை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை இதற்கு நம்ப வேண்டாம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். பால், ஜெலுசில், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

மூச்சுத்திணறல், குழப்பம், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த வீழ்ச்சி எதுவும் இருந்தால் மாத்திரை போதாது. இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், தீவிர நோயாளிகளுக்கு நரம்பு வழியாக டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து 7 நாள் கொடுத்தபோது மரணம், 7-ஆம் நாளிலும் நீடித்த சிக்கல், 5-ஆம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 33 சதவீதம். டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்தவர்களில் அது 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் கொடுத்தவர்களில் 48 சதவீதம். இறப்பு விகிதம் மட்டும் தனியாகக் குறையவில்லை.

தீவிரமில்லாத நோயாளிக்குக் காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன், மாத்திரை வாந்தியில் போனதா, எலிக்காய்ச்சலோ மலேரியாவோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டறிதலே தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு.