களி, சால்னா, வடை: எதையும் விடாமல் கலோரி எண்ணும் வழி

கலோரி எண்ண ஆரம்பித்தால் களியையும் சால்னாவையும் மறந்துவிட வேண்டுமா என்று மண்டியில் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டியதில்லை. நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பெட்டி தராசில் ஏறாமல் பேனாவைத் திறக்க மாட்டேன். வீட்டுச் சமையலறையிலும் அதே வழக்கம்தான். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதலில் களி. "இளைக்கணுமா, களி தின்னு" என்று தர்மபுரிப் பக்கம் யாரும் சொல்வார்கள். தராசு அப்படிச் சொல்லாது. 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 350. பெரிய வித்தியாசம் இல்லை. ராகியில் கால்சியமும் நார்ச்சத்தும் கூடுதல், சாப்பிட்டால் பசி தாங்கும். அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எங்கள் தாத்தா மூன்று உருண்டை தின்றும் ஒல்லியாக இருந்தார் என்றால், அதற்குப் பிறகு அவர் ஏர் ஓட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன்.

களியை இப்படி அளக்க வேண்டும். 30 கிராம் நொய்யை நன்றாகக் குழைய வேகவிடுங்கள். மேலே 120 கிராம் ராகி மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் துடுப்பால் ஒரு குழி குத்தி, மூடி போட்டு மெல்லிய தீயில் வேகவிட்டு, அப்புறம் கட்டி இல்லாமல் கிண்டுங்கள். மாவும் நொய்யும் சேர்ந்து ஏறக்குறைய 490 கலோரி. கிண்டி முடித்ததும் மொத்தக் களியையும் எடை போடுங்கள். 600 கிராம் வந்தால், 100 கிராமுக்கு 80 சொச்சம். 250 கிராம் உருண்டை ஒன்று 200 கலோரியைத் தாண்டிக் கொஞ்சம். தண்ணீர் கூடக்குறைய ஆனாலும் பரவாயில்லை. வெந்த எடையால் வகுப்பதால் கணக்கு தானே சரியாகிவிடும். பொங்கல், உப்புமா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ராகி என்று நம்பி அளவை விட்டுவிடக் கூடாது, அதிலும் மாவுச்சத்துதான் அதிகம்.

உண்மையான கலோரி உருண்டையில் இல்லை, அதைத் தொட்டுக்கொள்கிற குழம்பில் இருக்கிறது. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி என்றால் 120. கையளவில் ஊற்றுகிறவர்கள் யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை, என் வீட்டம்மா உட்பட. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அதை 9-ஆல் பெருக்கினால் முடிந்தது. கரண்டியும் வேண்டாம், பிசுக்கும் இல்லை.

சால்னா நான்கு பேருக்கு வைக்கிறபோது நான்கு கரண்டி எண்ணெய், அரை மூடித் தேங்காய், கொஞ்சம் முந்திரி என்று போகும். நான் ஒரே கரண்டி எண்ணெயில் பட்டை, சோம்பு தாளித்து, வெங்காயத்தை உப்பு போட்டு மூடி வேகவைப்பேன். அதன் தண்ணீரிலேயே சுருங்கிவிடும். தேங்காய்க்குப் பதில் 20 கிராம் பொட்டுக்கடலையும் கசகசாவும் அரைத்து ஊற்றினால் கெட்டியாகிவிடும். தக்காளியைத் தாராளமாகப் போடுங்கள். 100 கிராமுக்கு 20 கலோரிகூட வராது, விலை விழுந்த நாளில் எங்கள் ஊரில் அதற்குக் காசும் அதிகம் இல்லை. மேலே எண்ணெய் மிதக்காத சால்னாவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு பேசச் சொல்லுங்கள்.

அதைப் பரோட்டாவோடு சாப்பிடுவதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். மனம் கேட்கவில்லையென்றால் கொத்துச் சப்பாத்தி செய்யுங்கள். 80 கிராம் மாவில் எண்ணெய் இல்லாமல் சுட்ட இரண்டு சப்பாத்தி, ஒரு முட்டை, கைநிறைய வெங்காயமும் முட்டைக்கோசும், ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய், மேலே சால்னா அரைக் கரண்டி. தட்டு நிறைந்துவிடும், 500-க்குள் முடிந்துவிடும். கொத்துகிற சத்தம் மட்டும் வீட்டில் வராது.

மார்கழி, தை பனியில் அவரைக்கொட்டை வந்ததும், அதை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு. அதைக் குறைக்கிறேன் என்று கெடுக்காதீர்கள். வெந்த பருப்பிலேயே ஒரு கைப்பிடி எடுத்து அரைத்துக் கரைத்தால் தேங்காயில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். தேங்காய்த் துருவல் 100 கிராமுக்கு 350-க்கு மேல் வருவதால் இது நல்ல சேமிப்பு.

மசால் வடைக்குக் குழிப்பணியாரக் கல் போதும். குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். ஓரம் மொறுமொறுப்பாக வரும், உள்ளே கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும். வெங்காயம் கூடுதலாகப் போட்டால் அது தெரியாது. தட்டுவடையை இப்படி மாற்ற முடியாது. சுட்டுப் பார்த்தால் அட்டை. எண்ணெயில் பொரித்ததையே இரண்டு வாங்கி, மேலே கேரட், பீட்ரூட் துருவலை மலைபோலக் குவித்துச் சாப்பிடுங்கள்.

ஒகேனக்கல் போனால் மீன் வாங்கிக் கொடுத்ததும் சமைத்துத் தருகிற அக்காக்கள் உண்டு. வறுவலுக்கு ஒன்றிரண்டு துண்டு மட்டும் கொடுத்துவிட்டு, "மிச்சத்தைக் குழம்பா வெச்சிடுங்கக்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மசாலா தடவிவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்கள். அங்கே உடம்பில் தேய்த்துவிடுகிற எண்ணெய் கணக்கில் வராது, தைரியமாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

ஒப்பட்டுக்கு, அதாவது இனிப்புப் போளிக்கு, மாற்று வழியே தேடவில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் யுகாதிக்குப் போனால் நெய்யோடு ஒன்று சாப்பிட்டுவிட்டு, அன்று இரவுச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்வேன். மாம்பழம் அவ்வளவு மோசமில்லை, சதை 100 கிராமுக்கு 60 கலோரி அளவுதான். செந்தூராவோ பெங்களூராவோ, கொட்டையையும் தோலையும் தனியாக எடை போட்டுக் கழித்துவிடுங்கள். ஜூஸ் மட்டும் வேண்டாம். அதில் சர்க்கரை எவ்வளவு விழுந்தது என்று போட்டவருக்கே தெரியாது.